ஸ்பானிஷில் போர்ச் சொற்கள்: பட்டியலா, செய்தியா, சினிமாவா, ஆசிரியரா?

ஓரளவு ஸ்பானிஷ் வந்துவிட்டது. சாப்பாடு, பயணம், குடும்பம், வானிலை எல்லாம் சமாளிக்க முடிகிறது. ஆனால் கொலம்பியாவைப் பற்றி ஒரு செய்தியைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. படைப்பிரிவின் பெயர், அதிகாரியின் பதவி, பறிமுதல் செய்த ஆயுதம், என்ன நடந்தது என்று சொல்லும் வினைச்சொல், இவை எதுவும் பாடப்புத்தகத்தில் வந்ததில்லை. இந்தச் சொற்களை எங்கிருந்து கற்பது என்று கேட்பவர்களுக்கு நான்கு வழிகள் கண்ணில் படும்: தயார் சொற்பட்டியல், செய்தி, வரலாறு, படமும் விளையாட்டும். காசு இருந்தால் ஐந்தாவதாக ஆசிரியர். எது யாருக்குச் சரிப்படும் என்று பார்ப்போம்.

சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். உங்கள் நோட்டில் மட்டும் அப்படி எழுதாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, இந்தச் சொற்களை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. படித்துப் புரிந்துகொண்டால் போதுமா, காதால் கேட்டுப் பிடிக்க வேண்டுமா, நீங்களே பேச வேண்டுமா, மொழிபெயர்க்க வேண்டுமா? படிக்க மட்டும் என்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பிஸ்தோலா, கிரனாதா, மிசில், தொர்பேதோ, சப்மரீனோ போன்றவற்றை யாரும் சொல்லித்தராமலே ஊகித்துவிடலாம். ஆயுதப் பெயர்கள்தான் இந்தத் துறையிலேயே எளிதான பகுதி. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், அங்கேயேதான் நேரத்தையும் செலவழிக்கிறார்கள்.

இரண்டாவது, எந்த நாடு. இதை முடிவு செய்யாமல் தொடங்குவதுதான் பெரிய வீண்செலவு. டாங்கிக்குப் பெரும்பாலான இடங்களில் தாங்கே. ஸ்பெயின் ராணுவத்தின் வழக்கில் கார்ரோ தே கொம்பாத்தே. போர்நிறுத்தம் ஸ்பெயினில் ஆல்தோ எல் ஃபுவேகோ, கொலம்பியாவில் செசே அல் ஃபுவேகோ. துப்பாக்கிச் சண்டை ஸ்பெயினில் திரோதேயோ, மெக்சிகோவில் பாலசேரா. பதவிகளில் குழப்பம் இன்னும் அதிகம். ஸ்பெயின் தரைப்படையில் கொமாந்தாந்தே என்பது மேஜருக்குச் சமமான பதவி. பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் அந்தப் பதவிக்கு மயோர் என்று பெயர். அங்கே கொமாந்தாந்தே என்றால் ஒரு படையின் தலைவராகவும் இருக்கலாம், காட்டில் இருக்கும் கெரில்லாத் தலைவராகவும் இருக்கலாம். கடற்படை என்றால் கேட்கவே வேண்டாம். தரைப்படை கபித்தானுக்குச் சமமானவர் அங்கே தெனியெந்தே தே நவீயோ. கபித்தான் தே நவீயோ என்பவரோ கர்னலுக்குச் சமம். இருவரையும் கேப்டன் என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல்.

மூன்றாவது, பாலும் சேர்க்கையும். தமிழில் துப்பாக்கியும் குண்டும் அஃறிணை, அத்தோடு சரி. ஸ்பானிஷில் ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும், அது பொருளையே மாற்றும். எல் ஓர்தென் என்றால் ஒழுங்கு. லா ஓர்தென் என்றால் கட்டளை. எல் ஃபிரென்தே போர்முனை. லா ஃபிரென்தே நெற்றி. லா பிரிகாதா ஒரு படைப்பிரிவு. எல் பிரிகாதா ஸ்பெயின் படையில் சார்ஜென்ட்டுக்கு மேலே இருக்கும் ஓர் ஆள். ஆயுதம் என்ற சொல்லே ஒரு பொறி: ஒருமையில் எல் ஆர்மா என்று ஆண்பால் போல வரும், ஆனால் சொல் பெண்பால்தான். அதனால் பன்மை லாஸ் ஆர்மாஸ். கத்தி போன்ற வெட்டாயுதம் ஆர்மா பிளாங்கா, பிளாங்கோ அல்ல.

கடைசியாகச் செலவு. பணம், நேரம், அப்புறம் கற்றதை மறக்காமல் வைத்திருக்க ஆகும் பராமரிப்பு. மூன்றாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

## இப்போதைக்கு வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான்

இறந்தகால வினைவடிவங்கள் இன்னும் தடுமாறுகின்றன என்றால் இந்தத் துறைப் பக்கமே வராதீர்கள். போர்ச் செய்தி முழுவதும் சென்றார்கள், சுட்டார்கள், சரணடைந்தார்கள் என்று இறந்தகாலத்தில்தான் ஓடும். கண்ணிவெடிக்கு ஸ்பானிஷ் தெரிந்து, நேற்று வந்தார் என்று சொல்லத் தெரியாமல் இருப்பதில் பயனில்லை. பி1 என்னும் இடைநிலையைத் தாண்டியபின் வாருங்கள், பாதி நேரத்தில் முடியும்.

## தயார் சொற்பட்டியலும் அட்டைகளும்

ஆன்கி போன்ற செயலியில் யாரோ தொகுத்து வைத்த ராணுவச் சொல் அட்டைகளை இறக்கிக்கொண்டு தினமும் புரட்டுவது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஆன்கி இலவசம். ஐஃபோனில் மட்டும் காசு. தொடங்குவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம்.

முதலாவது, பட்டியல் ஆங்கிலம் வழியாகத்தான் வரும். ஸ்பானிஷ் சொல், எதிரில் ஆங்கிலச் சொல். ஃபுசில் என்பதற்கு எதிரில் ரைஃபிள் என்று இருக்கும். ஸ்பானிஷிலும் ரிஃப்லே என்று தனியாக ஒரு சொல் உண்டே, அது வேட்டைத் துப்பாக்கிக்கு அதிகம் புழங்குகிறதே என்பதை அட்டை சொல்லாது. ஃபுசிலார் என்று அதிலிருந்து ஒரு வினை பிறந்து, நிற்கவைத்துச் சுட்டுக்கொல்வதைக் குறிக்கிறது என்பதையும் சொல்லாது.

இரண்டாவது, பெயர்ச்சொற்களே குவிந்திருக்கும். ஆர்க்கபூசும் (பழங்காலத் துப்பாக்கி) பாயோனேத்தாவும் (துப்பாக்கி முனைக் கத்தி) இருக்கும். பின்வாங்கினார்கள் என்பதற்கான ரெப்லேகார்சே இருக்காது. சுட்டு வீழ்த்தினார்கள், மூழ்கடித்தார்கள், சுற்றி வளைத்தார்கள், சரணடைந்தார்கள் என்பதற்கெல்லாம் தெர்ரிபார், உந்திர், செர்கார், ரெந்திர்சே என்று சொற்கள் உண்டு. இந்த நான்கு தெரிந்தவர் ஐம்பது ஆயுதப் பெயர் தெரிந்தவரைவிட அதிகம் புரிந்துகொள்வார்.

மூன்றாவது நமக்கே உரிய சிக்கல். சொந்த அட்டையைத் தமிழ் எழுத்தில் எழுதினால், துப்பாக்கிக் குண்டும் மண்வாரியும் பாலா என்று ஒரே எழுத்தில் வந்து நிற்கும். முதல் ஒலி ஒன்றில் தடித்தது, மற்றதில் மென்மையானது. நம் 'ப' இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. போர் விமானத்துக்கான சொல்லையும் வீட்டுக்கான சொல்லையும் காசா என்றுதான் இரண்டு முறையும் எழுதுவோம். லத்தீன் அமெரிக்காவில் ஒலியும் ஒன்றேதான். ஸ்பெயினின் பெரும்பகுதியில்தான் விமானம் காதா போல ஒலித்துத் தனியாகத் தெரியும். அதனால் அட்டையில் ஸ்பானிஷ் எழுத்து, முன்னால் எல் அல்லது லா, கீழே ஒரு முழு வாக்கியம், ஓரத்தில் நாட்டின் பெயர். இந்த நான்கும் இல்லாத அட்டையை நீக்கிவிடலாம்.

பராமரிப்பும் இருக்கிறது. ஒரு வாரம் விட்டுவிட்டால் மீள்பார்வை அட்டைகள் மலையாகச் சேர்ந்துவிடும். அந்த மலையைப் பார்த்துச் செயலியையே திறக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

பட்டியல் யாருக்கு ஏற்றது? தேர்வோ நேர்முகமோ நெருங்கிவிட்டவர்களுக்கு. கப்பல், விமான வகைகளைப் பார்த்தவுடன் பெயர் சொல்ல வேண்டியவர்களுக்கு. ஏற்கெனவே மொழி நன்றாக வந்து, இடைவெளிகளை மட்டும் அடைப்பவர்களுக்கு.

## செய்தி வாசிப்பு

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

செய்தி ஒரே நேரத்தில் மூன்று அளவுகோல்களைப் பூர்த்தி செய்கிறது. நாடு தானாகவே நிர்ணயமாகிவிடும்: கொலம்பியா வேண்டுமென்றால் எல் தியெம்போ, ஸ்பெயின் வேண்டுமென்றால் எல் பாயிஸ், அர்ஜென்டினா என்றால் லா நாசியோன். எந்த நாட்டோடும் ஒட்டாமல் பொதுவான லத்தீன் அமெரிக்க நடை வேண்டுமென்றால் பிபிசி முந்தோ, அது இலவசம். ஆயுதக் கொள்முதல், கப்பல் கட்டுமானம் போன்ற தொழில்சார் விஷயங்களுக்கு இன்ஃபோதெஃபென்சா. பாலும் வினையும் வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடும். அதே சொற்கள் வாரத்துக்கு வாரம் திரும்பி வருவதால் பராமரிப்புச் செலவு ஏறக்குறைய இல்லை.

கொலம்பியச் செய்தி நடையில் ஒரு மாதிரி வாக்கியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: திரோபாஸ் தெல் எஹேர்சித்தோ தியேரோன் தே பாஹா அ தோஸ் கெரில்லேரோஸ் எ இன்காவ்தாரோன் திரெஸ் ஃபுசிலெஸ். தரைப்படையினர் இரண்டு கெரில்லாக்களைக் கொன்று மூன்று துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தனர் என்று பொருள். இதில் தார் தே பாஹா என்ற தொடரைப் பாருங்கள். பாஹா என்றால் ராணுவக் கணக்கில் ஓர் ஆள் குறைவது. ஸ்பெயினில் இதே தொடர் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதற்கும், தொலைபேசி இணைப்பைத் துண்டிப்பதற்கும், ஒருவரைப் படையிலிருந்து விடுவிப்பதற்கும் வரும். கொலம்பியாவில் ராணுவச் செய்தி என்றால் கொன்றார்கள் என்று பொருள். எந்தப் பொதுப் பட்டியலிலும் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. செய்தி வாசித்தால் இரண்டாவது நாளே கண்ணில் பட்டுவிடும்.

பன்மையில் பாஹாஸ் என்று வந்தால் இன்னொரு கவனம் தேவை. இறந்தவர்கள் மட்டுமல்ல, காயமடைந்து களத்தை விட்டவர்களும் அந்தக் கணக்கில் வரலாம். நூறு பாஹாஸ் என்பதை நூறு சாவு என்று எழுதிவிட்டால் அது தவறான தகவல். எஃபெக்தீவோஸ் என்று ஓர் எண்ணுடன் வந்தால் படையினர் எத்தனை பேர் என்ற கணக்கு; திறமையைப் பற்றிய பேச்சு அல்ல. சுருக்கெழுத்துகளும் முதலில் முட்டும். ஆயுதப் படைகள், அதாவது ஃபுவேர்சாஸ் ஆர்மாதாஸ், பன்மை என்பதால் எஃப் இரண்டு முறை, ஏ இரண்டு முறை எழுதுவார்கள். நேட்டோ அங்கே ஓத்தான். ஐ.நா. அமைதிப் படையினர் காஸ்கோஸ் அசூலெஸ், நீலத் தலைக்கவசக்காரர்கள்.

சரி, செலவு? சந்தா என்பது சின்ன விஷயம். எல் பாயிஸ் குறிப்பிட்ட அளவுக்கு மேல் காசு கேட்கும், அவ்வளவுதான். பெரிய செலவு, நீங்கள் கற்கும் சொல் யாருடைய சொல் என்பது. ராணுவத்தின் அறிக்கையைப் பத்திரிகை அப்படியே போட்டால், அந்தச் சொற்களே உங்கள் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். அபாதிதோ என்றால் வீழ்த்தப்பட்டவர். கொல்லப்பட்டவர் என்று நேராகச் சொல்வதைத் தவிர்க்கும் சொல். இதன் மோசமான உதாரணம் ஃபால்சோஸ் பொசிதீவோஸ். அகராதியைப் பார்த்தால் மருத்துவப் பரிசோதனையில் தவறாக வந்த முடிவு என்றுதான் இருக்கும். கொலம்பியாவிலோ, அப்பாவிகளைக் கொன்றுவிட்டுச் சண்டையில் இறந்த கெரில்லாக்கள் என்று ராணுவத்தினர் கணக்குக் காட்டிய கொலைகளுக்கு அந்தப் பெயர். 2016 சமாதான ஒப்பந்தத்தின் வழியாக அமைந்த சிறப்பு நீதிமன்றம், 2002 முதல் 2008 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 6,402 பேர் என்று 2021-ல் அறிவித்தது. அந்தத் தொடரைப் பரிசோதனை முடிவு என்று புரிந்துகொண்டு கடந்துபோவது எவ்வளவு பெரிய பிசகு என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஒரே நிகழ்வை இரண்டு இடங்களில் படிப்பது நல்லது. ஒன்று அரசின் அறிக்கையைத் தழுவியது, மற்றது மனித உரிமை அமைப்பின் மொழியில் எழுதியது. சொல்வளமும் இரட்டிப்பாகும்.

## வரலாறு

1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் உள்நாட்டுப் போர், 1910-ல் தொடங்கிய மெக்சிகோ புரட்சி, அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதிய 1982 மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போர். இவற்றைப் பற்றி ஸ்பானிஷில் நூல்களும் ஆவணப்படங்களும் கொட்டிக் கிடக்கின்றன. கதை முன்பே தெரிந்திருப்பதால் புரியாத சொல்லைச் சூழலிலிருந்து ஊகிக்க முடியும், இதுதான் இந்த வழியின் பெரிய பலம். அர்ஜென்டினாவின் ஹெனெரால் பெல்க்ரானோ போர்க்கப்பல் 1982 மே 2 அன்று மூழ்கடிக்கப்பட்டது என்று தெரிந்தவருக்கு உந்திமியெந்தோ என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

உலகம் முழுக்கப் புழங்கும் சில சொற்களும் இங்கிருந்தே கிளம்பியவை. சிறு போர் என்ற பொருளுடைய கெரில்லா, நெப்போலியன் படைகளுக்கு எதிராக 1808-க்குப் பின் ஸ்பெயினில் நடந்த சண்டையிலிருந்து பரவியது. ஐந்தாம்படை என்று நாமும் சொல்கிறோமே, அது 1936-ல் மாட்ரிட் முற்றுகையின்போது எழுந்த கின்தா கொலும்னா.

மறைமுகச் செலவு காலம். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் காலாட்படையைப் பற்றிப் படித்தால் தெர்சியோ (அக்காலப் படைப்பிரிவு), பீக்கா (நீண்ட ஈட்டி), ஆர்க்கபூஸ் என்று சொற்கள் குவியும்; இன்றைய செய்தியில் அவற்றுக்கு வேலை இல்லை. மெக்சிகோ புரட்சியின் சொல்தாதெராஸ், படையோடு சென்ற பெண்கள், அந்தக் காலத்துக்கே உரிய சொல். இன்றைய பெண் சிப்பாய் லா சொல்தாதோ. நடையும் இலக்கியச் சாயலுடன் நீளும்.

லத்தீன் அமெரிக்காவின் சர்வாதிகாரக் காலங்களைப் படிக்க விரும்புபவர்களுக்கு மட்டும் இது தவிர்க்க முடியாத வழி. ஆட்சிக்கவிழ்ப்பு கோல்பே தே எஸ்தாதோ. பாசறையிலிருந்து கிளம்பியது என்றால் குவார்தெலாசோ. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தெஸாபரேசிதோஸ். அர்ஜென்டினா, சிலி போன்ற தென்கோடி நாடுகளில் ராணுவத்தினரை வெறுப்புடன் மிலிகோ என்பார்கள். இந்தச் சொற்களின் சூடு வரலாறு தெரியாமல் புரியாது.

## படமும் விளையாட்டும்

காதுக்குப் பயிற்சி என்றால் இதுதான். குவேர்போ அ தியெர்ரா என்று கத்தினால் தரையில் படு. குப்ரெமே என்றால் நான் போகும்வரை எனக்குக் காவலாகச் சுடு. இப்படிக் குறுங்கட்டளைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்து நிற்கும்.

ஆனால் எந்த டப்பிங் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலரைப் பார்த்துச் சுடுங்கள் என்பது ஸ்பெயின் ஒலிப்பதிவில் திஸ்பாராத், லத்தீன் அமெரிக்கப் பதிவில் திஸ்பாரென். இரண்டையும் கலந்து கற்றால் பேசும்போது காலில் காலே தடுக்கும். டப்பிங்கும் வசன எழுத்தும் பெரும்பாலும் தனித்தனி மொழிபெயர்ப்புகள், வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகாது. காதில் ஒன்று விழ, கண்ணில் வேறொன்று ஓட, இரண்டும் நிற்காது. முதலிலேயே ஸ்பானிஷில் எடுத்த படமோ தொடரோ என்றால் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, கொச்சை. மெக்சிகோவின் போதைக் கும்பல் தொடர்களில் ஏகே-47 துப்பாக்கிக்குக் குவேர்னோ தே சீவோ, ஆட்டுக்கொம்பு, என்று பெயர். வளைந்த தோட்டாக் கூட்டைப் பார்த்து வைத்தது. அர்ஜென்டினாவில் துப்பாக்கிக்கு ஃபியெர்ரோ. கேட்கச் சுவையாக இருக்கும், புரிந்துகொள்ளவும் வேண்டும். அலுவலகத்திலோ வகுப்பிலோ நீங்களாக எடுத்துவிட வேண்டாம். மெக்சிகோக்காரர் யோ திஸ்பாரோ என்றால் மட்டும் பயப்படாதீர்கள், பில் தான் கட்டுகிறேன் என்கிறார்.

## ஆசிரியர்

பணச் செலவு இதில்தான் அதிகம்; பலன் பெரும்பாலும் பேச வேண்டியவர்களுக்கு மட்டும். சாதாரண ஸ்பானிஷ் ஆசிரியருக்குப் படைப்பிரிவு அளவுகள் தெரியாமல் இருப்பது இயல்பே. ஸ்பெயின் தரைப்படையில் பெலோதோன் சிறியது, செக்சியோன் அதைவிடப் பெரியது, அதற்கு மேல் கொம்பஞீயா என்ற வரிசை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே விஷயத்தை நீங்கள் கொண்டுபோங்கள். அந்த வாரம் படித்த செய்தியை எடுத்துச்சென்று, உங்கள் வாயால் சுருக்கிச் சொல்லி, திருத்தச் சொல்லுங்கள்.

ஆசிரியரின் நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுடன் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் முறை. கொலம்பியா, குவாத்தமாலா, எல் சால்வதோர் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இவை வெறும் சொற்களாக இல்லாமல் இருக்கலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேறு தலைப்புக்குப் போவதுதான் மரியாதை.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பலம் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| பட்டியல் | வேகம், பெயர்ச்சொல் | ஆங்கிலம் வழிப் பொருள், குவியும் மீள்பார்வை | தேர்வு எழுதுபவர் |
| செய்தி | வினை, நாட்டு வழக்கு | ஒரு தரப்பின் மொழி ஒட்டிக்கொள்வது | பெரும்பாலானோர் |
| வரலாறு | சூழல், சொல்லின் சூடு | வழக்கொழிந்த சொற்கள் | ஆய்வாளர், வரலாற்றுப் பிரியர் |
| படம், விளையாட்டு | காது, கட்டளை | கொச்சை, டப்பிங் குழப்பம் | கேட்டுப் புரிய வேண்டியவர் |
| ஆசிரியர் | பேச்சு, திருத்தம் | பணம், துறையறிவு இல்லாமை | பேச வேண்டியவர் |

## சேர்த்துச் செய்வதானால்

எதையும் முடிவு செய்ய முடியவில்லை என்றால்: ஒரு நாடு, ஒரு பத்திரிகை, வாரத்துக்கு இரண்டு செய்தி. ஒவ்வொன்றிலிருந்தும் முதலில் வினைகளையும் தொடர்களையும் எடுத்து, முழு வாக்கியத்துடன் சொந்த அட்டை. ஆயுதப் பெயர் ஊகத்துக்கு எட்டாவிட்டால் மட்டும் அட்டைக்குள் வரட்டும். கார்காதோர் அப்படி ஒன்று. தோட்டாக் கூடும் அதுதான், கைபேசி சார்ஜரும் அதுதான். பொம்பாவும் அப்படி, வெடிகுண்டும் அதுதான், தண்ணீர்ப் பம்பும் அதுதான்.

மொழிபெயர்ப்பாளர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இந்த ஐந்தும் போதாது, பார்வை நூல்கள் வேண்டும். ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். ராணுவப் பொருள்களுக்கு முன்னால் மில் என்ற குறி இருக்கும். லத்தீன் அமெரிக்க வழக்குகளுக்கு 2010-ல் வந்த அமெரிக்கவழக்கு அகராதி தனியாக உண்டு, அதுவும் இணையத்தில் கிடைக்கிறது. அமைதிப் படை, ஆயுதக் குறைப்பு போன்ற ஆவணங்களுக்கு ஐ.நா.வின் சொல்தொகுப்பான யுஎன்டெர்ம். ஸ்பானிஷ் அதன் ஆறு அதிகாரப்பூர்வ மொழிகளில் ஒன்று என்பதால் ஒரே சொல்லை ஆறு மொழிகளிலும் ஒப்பிடலாம். பதவிப் பெயர்களை மட்டும் எந்த அகராதியையும் நம்பி எழுதாமல், அந்தந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிடும் தரவரிசை அட்டையைத் திறந்து பாருங்கள். தோள்பட்டைச் சின்னமும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நம் படைப் பதவிகளோடு ஒப்பிட அதுவே நேரான வழி.